புரத மடிப்புக் கணக்கு தீர்ந்துவிட்டதா?

2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூவருக்குக் கிடைத்தது. பாதிப் பரிசு, புதிய புரதங்களைக் கணினியில் வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு. மறுபாதி, புரதத்தின் அமைப்பை முன்கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரலுக்காக டீப்மைண்ட் நிறுவனத்தின் டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகிய இருவருக்கும். ஐம்பதாண்டுப் புதிர் விடுபட்டுவிட்டது என்ற பேச்சு அதற்கு முன்பே பரவியிருந்தது. பரிசு அதற்கு முத்திரை வைத்தது. இந்தக் கூற்றில் எவ்வளவு நிற்கும், எவ்வளவு நிற்காது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. அதை ஒட்டி இன்னொரு கேள்வியும் எழுகிறது: வெற்றி நிரலின் திறத்தால் வந்ததா, அது படித்த தரவால் வந்ததா? இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே, அறிவியலின் மற்றத் துறைகள் செயற்கை நுண்ணறிவிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது அமையும். ஆராய்ச்சிக்கான பணம் எங்கே போக வேண்டும் என்பதும் அதைப் பொறுத்ததே.

1. ஒரே பெயரில் மூன்று கேள்விகள்

அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலியே புரதம். செல்லில் உருவானதும் பெரும்பாலான சங்கிலிகள் சுருண்டு மடிந்து தமக்கே உரிய முப்பரிமாண வடிவத்தை அடைகின்றன. அந்த வடிவம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு முதல் தெளிவான விடை, ரைபோநியூக்ளியேஸ் ஏ என்ற சிறு நொதியை வைத்துக் கிறிஸ்டியன் அன்ஃபின்சென் செய்த சோதனைகளில் கிடைத்தது. 124 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி அது. அதிலுள்ள எட்டு சிஸ்டீன்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு கந்தகப் பிணைப்புகளைப் போட்டிருக்கும். எட்டை இப்படி இணைசேர்க்க 105 வழிகள் உண்டு. இயற்கையில் காண்பது அவற்றில் ஒன்றுதான். யூரியாவும் மெர்காப்டோஎத்தனாலும் சேர்த்தபோது பிணைப்புகள் அறுந்து புரதம் அவிழ்ந்தது, நொதியின் செயல் நின்றது. இரண்டையும் நீக்கியதும் புரதம் தானாகவே மடிந்து பழைய செயல்திறனை மீட்டுக்கொண்டது. யூரியாவை நீக்காமலேயே கந்தகப் பிணைப்புகளைப் போடவிட்டபோது அவை தாறுமாறாக விழுந்தன. செயல்திறனில் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான் மிஞ்சியது. ஆக, 105இல் சரியான ஒன்றைத் தேர்வதற்கான தகவல் அமில வரிசைக்குள்ளேயே இருக்கிறது. இப்பணிக்காக 1972இல் அன்ஃபின்சென் நோபல் பரிசு பெற்றார்.

1969இல் சைரஸ் லெவிந்தால் ஒரு முரணைச் சுட்டினார். நடுத்தர நீளமுள்ள சங்கிலி தனக்குச் சாத்தியமான வடிவங்களை எல்லாம் ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதென்றால் பிரபஞ்சத்தின் வயதே போதாது. ஆனால் பல புரதங்கள் நொடிப்பொழுதில் மடிந்துவிடுகின்றன. அப்படியானால் மடிப்பு ஒரு குருட்டுத் தேடலாக இருக்க முடியாது.

இவ்விருவரும் விட்டுச்சென்றவற்றில் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. வரிசையைக் கொடுத்தால் இறுதி வடிவத்தைச் சொல்ல முடியுமா என்பது ஒன்று. அணுக்களுக்கிடையிலான எந்த விசைகள் அந்த வடிவத்தை நிலைநிறுத்துகின்றன என்பது அடுத்தது. அவ்வளவு விரைவாகச் சங்கிலி எந்தப் படிகளின் வழியே அங்கே போய்ச் சேர்கிறது என்பது மூன்றாவது. ‘புரத மடிப்புப் புதிர்’ என்ற ஒரே பெயரில் மூன்றும் வழங்குவதால், ஒன்றுக்கு விடை கிடைத்ததும் மூன்றும் தீர்ந்ததுபோல் தோன்றுகிறது. ஆல்ஃபாஃபோல்ட் விடை சொல்வது முதற்கேள்விக்கு.

2. சென்னையில் வரைந்த வரைபடம்

இரண்டாம் கேள்விக்கு விடை என்று ஒன்று வந்தால் அது எப்படி இருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குப் போக வேண்டும். 1952இல் அத்துறையின் தலைமையை ஏற்ற ஜி. என். ராமச்சந்திரன், 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலிலும் தசைநாண்களிலும் உள்ள கொலாஜனுக்கு மூன்று இழை கொண்ட அமைப்பை முன்மொழிந்தார். அந்த மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று மிகவும் நெருங்கி நிற்கின்றன, இது நடக்காது என்று பிரான்சிஸ் கிரிக் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்குச் சான்று என்ன என்று ராமச்சந்திரன் குழு திருப்பிக் கேட்டுக்கொண்டது. அதுவரை வெளியாகியிருந்த சிறு மூலக்கூறுகளின் படிக அமைப்புகளைத் தேடியெடுத்து, அணுக்களின் இணைகளுக்கு இடையே உண்மையில் காணப்படும் குறைந்தபட்ச இடைவெளிகளைத் தொகுத்தது.

அந்தத் தொகுப்பின் மேல் நின்றுதான் 1963இல் ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரின் கட்டுரை வந்தது. புரதச் சங்கிலியின் முதுகெலும்பில் ஒவ்வோர் அமிலத்திலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு. அவற்றின் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். இவ்விரு கோணங்களையும் படிப்படியாக மாற்றி, எந்தெந்தச் சேர்க்கையில் அணுக்கள் முட்டிக்கொள்கின்றன, எவற்றில் முட்டாமல் நிற்கின்றன என்று கணக்கிட்டு ஒரு சதுரத்தில் குறித்தார்கள். சதுரத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட இடமானது. சில தீவுகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. அணு அளவில் அமைப்பு தெரிந்த முழுப் புரதம் மயோகுளோபின் ஒன்றே என்று சொல்லத்தக்க காலம் அது. பின்னர் வெளியான ஆயிரக்கணக்கான புரதங்களின் கோணங்கள், மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, அந்தத் தீவுகளிலேயே விழுந்தன. பக்கச் சங்கிலி இல்லாத கிளைசினுக்கு இடம் அதிகம், வளையத்தில் கட்டுண்ட புரோலினுக்குக் குறைவு என்பன போன்ற வேறுபாடுகளுக்கும் அதே கணக்கு காரணம் சொன்னது. இன்றும் ஒரு புரத அமைப்பைப் பொதுத் தரவு வங்கியில் சேர்க்கும்போது அதன் தரத்தைச் சோதிக்கும் அளவுகோல்களில் ராமச்சந்திரன் வரைபடமும் ஒன்று.

இதை இங்கே விரித்துச் சொல்வது ஊர்ப்பெருமைக்காக அல்ல. விலக்கப்பட்ட இடம் ஏன் விலக்கப்பட்டது என்பதை அந்த வரைபடம் சொல்கிறது. பார்த்தறியாத புரதங்களுக்கும் அது பொருந்தியது இந்தக் காரணத்தால்தான். ஆல்ஃபாஃபோல்ட் தரும் வடிவத்தோடு இப்படியொரு காரணம் வருவதில்லை.

3. வங்கியும் தேர்வும்

ஆல்ஃபாஃபோல்ட் வெற்றிக்கு முன்பே இருந்த பொது ஏற்பாடுகள் இரண்டு. முதலாவதான புரதத் தரவு வங்கி 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் தொடங்கியது. அப்போது அதிலிருந்த அமைப்புகள் ஏழு. இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவற்றின் பின்னால் புரதத்தைத் தூய்மையாக்கி, படிகமாக வளர்த்து, எக்ஸ்ரே கதிரில் வைத்து, சிதறலிலிருந்து அணுக்களின் இடத்தைக் கணித்த உழைப்பு இருக்கிறது. பல அமைப்புகள் ஓர் ஆய்வு மாணவரின் முனைவர் பட்டக் காலம் முழுவதையும் விழுங்கியவை. தொடக்கத்தில் பலர் அணுக்களின் ஆயங்களைத் தர மறுத்தார்கள், கட்டுரையில் படம் மட்டும் போட்டார்கள். 1980களின் பிற்பகுதியிலிருந்து படிகவியலாளர்களே முன்னின்று வாதாடியதன் பலனாக, தரவை வங்கியில் இடாமல் கட்டுரை வெளியிட முடியாது என்ற நிலையை ஆய்விதழ்கள் கொண்டுவந்தன. வங்கியில் இருப்பதை யாரும் கட்டணமில்லாமல், அனுமதி கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது ஏற்பாடு, காஸ்ப் என்ற தேர்வு. ஜான் மோல்ட் உள்ளிட்டோர் 1994இல் தொடங்கி, இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்திவருகிறார்கள். சோதனைச்சாலையில் அமைப்பு கண்டறியப்பட்டு இன்னும் வெளியிடப்படாத புரதங்களின் வரிசைகளை மட்டும் போட்டியாளர்களுக்குத் தருவார்கள். முன்கணிப்புகள் வந்து சேர்ந்த பிறகு நடுவர்கள் உண்மை அமைப்போடு ஒப்பிட்டு நூற்றுக்கு மதிப்பெண் இடுவார்கள். தொண்ணூறை ஒட்டிய மதிப்பெண் சோதனை முடிவுக்கு நிகரானதாகக் கருதப்பட்டது. 2018இல் ஆல்ஃபாஃபோல்டின் முதல் வடிவம் முதலிடம் பெற்றது. முற்றிலும் மாற்றி எழுதிய இரண்டாம் வடிவம் 2020இல் பெற்ற இடைநிலை மதிப்பெண் 92.4. விடை தெரியாத கேள்விகளில் பெற்ற மதிப்பெண் என்பதால் இதை யாரும் மறுக்க முடியவில்லை.

4. நிரல் எதைப் படிக்கிறது?

ஆல்ஃபாஃபோல்ட் 2 ஒரு வரிசையை மட்டும் பார்த்து வடிவத்தைச் சொல்வதில்லை. பல உயிரினங்களில் உள்ள அதே குடும்பப் புரதங்களின் வரிசைகளைத் திரட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்கிறது. சங்கிலியில் தொலைவில் இருந்தாலும் மடிந்த வடிவத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் இரு அமிலங்களில் ஒன்று பரிணாமத்தில் மாறினால் மற்றதும் மாறியாக வேண்டும். பூட்டின் நாக்கு அகலமானால் அது நுழையும் துளையும் அகலமாவதுபோல. இப்படிச் சேர்ந்து மாறிய இணைகளைக் கண்டுபிடித்தால் எவை அருகருகே உள்ளன என்று ஊகிக்கலாம். இந்தக் கருத்து 1990களிலேயே உண்டு. 2011 வாக்கில் டெபோரா மார்க்ஸ், கிறிஸ் சாண்டர் முதலியோர் இதைக் கொண்டே பல புரதங்களின் வடிவத்தைத் தோராயமாக வரைந்துகாட்டினார்கள். ஆல்ஃபாஃபோல்ட் அந்தத் தடயத்தை நரம்புவலையின் வழியே செலுத்தி, வரிசை அடுக்கும் இணைகளின் தொலைவுகளும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும்படி 48 அடுக்குகளில் மீண்டும் மீண்டும் கணக்கிடுகிறது. கடைசியில் அணுக்களின் ஆயங்களையும், ஒவ்வோர் அமிலத்தின் இடத்திலும் தனக்குள்ள நம்பிக்கையை நூற்றுக்கு இத்தனை என்றும் தருகிறது. இந்த நம்பிக்கை எண்ணை வெளிப்படையாகத் தந்தது, என் கருத்தில், அந்நிரலின் ஆகச் சிறந்த பண்பு.

5. வெற்றியின் எல்லை

2021இல் மனிதப் புரதங்களில் 98.5 விழுக்காட்டுக்கு முன்கணிப்புகள் வெளியாயின. தலைப்புச் செய்தியானது இந்த எண்தான். அதே கட்டுரையில் இருந்த இன்னோர் எண் கவனம் பெறவில்லை: எல்லா அமிலங்களையும் கணக்கில் கொண்டால், நம்பத்தகுந்த முன்கணிப்பு 58 விழுக்காட்டுக்கே கிடைத்தது. சோதனையால் கண்டறிந்த அமைப்புகள் அதுவரை 17 விழுக்காட்டு அமிலங்களுக்கே இருந்தன என்பதால் இது பெரும் பாய்ச்சல்தான், ஐயமில்லை. மீதியில் கணிசமான பகுதி நிலையான வடிவமே கொள்ளாத பகுதிகள்; அவற்றுக்கு ஒரே வடிவம் கேட்பதே தவறான கேள்வி. 2022இல் பொதுவில் வைக்கப்பட்ட இருபது கோடிக்கும் மேற்பட்ட அமைப்புகளைப் பயன்படுத்துவோரும் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

இருவேறு வடிவங்களுக்கிடையே மாறும் புரதங்களைப் பற்றி லாரன் போர்ட்டர் குழு செய்த ஆய்வு, ஆல்ஃபாஃபோல்ட் 2 பெரும்பாலும் ஒரு வடிவத்தையே தருகிறது என்று காட்டியது. தாமஸ் டெர்வில்லிகர் குழு முன்கணிப்புகளை நேரடியாகச் சோதனையின் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடங்களோடு பொருத்திப் பார்த்தது. நிரல் மிகுந்த நம்பிக்கை தெரிவித்த இடங்களிலும் சிலபோது பொருத்தம் இல்லை. முன்கணிப்பு ஒரு மதிப்புமிக்க கருதுகோள், சோதனைக்கு மாற்றன்று என்பது அவர்கள் முடிவு.

ஓர் அமிலம் மட்டும் மாறும் நேர்வுகள் இன்னும் சிக்கலானவை. அரிவாள்செல் சோகையில், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்து குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்துவிடுகிறது. தனி மூலக்கூறின் வடிவம் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது. ஆக்சிஜனை விட்ட பிறகு அந்த வாலின் பக்கத்து மூலக்கூறின் குழிவில் ஒட்டிக்கொள்ள, மூலக்கூறுகள் நீண்ட இழைகளாகத் திரள்கின்றன. நோய் அங்கேதான் பிறக்கிறது. இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அவர்களது நோய்க்கான காரணத்தை ஒற்றைச் சங்கிலியின் முன்கணித்த வடிவத்தில் தேடினால் கிடைக்காது.

6. இயற்பியலைக் கற்றுக்கொண்டதா?

இங்கே ஆய்வாளர்கள் இரு அணியாக நிற்கிறார்கள். 2022இல் ஜேம்ஸ் ரோனியும் செர்கெய் ஓவ்சின்னிகோவும் வரிசை அடுக்கைத் தராமல், ஒரே புரதத்துக்குச் சரியும் தவறுமான பல வடிவங்களைக் கொடுத்து நிரலை மதிப்பிடச் சொன்னார்கள். அது சரியானவற்றை நன்றாகவே இனங்கண்டது. அதனால் ஆற்றல் கணக்கை ஒத்த ஏதோவொன்றை நரம்புவலை கற்றிருக்கிறது, பரிணாமத் தடயம் தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கு மட்டுமே உதவுகிறது என்றார்கள். அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் கார்லோஸ் அவுட்டெய்ரல், டேனியல் நிஸ்லி, ஷார்லட் டீன் ஆகியோர் முன்னணி நிரல்கள் பலவற்றை எடுத்து, அவை வடிவத்தை எட்டும் படிகளைச் சோதனையில் அளந்த மடிப்பு வேகங்களோடும் இடைநிலை வடிவங்களோடும் ஒப்பிட்டார்கள். தொடர்பில்லை. இந்நிரல்கள் மடிப்பின் இயற்பியலைக் கற்கவில்லை என்பது அவர்கள் தீர்ப்பு.

இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் அவை சோதித்தவை வெவ்வேறு. முடிந்த வடிவத்தைப் பார்த்து இது இயல்பானதா என்று சொல்லும் திறனை முன்னது அளந்தது, அங்கே போய்ச்சேரும் போக்கைப் பின்னது அளந்தது. முன்னதை ஓரளவு ஏற்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தத் திறனையும் இயற்பியல் என்று அழைக்க இரு சான்றுகள் தடையாக நிற்கின்றன.

முதலாவது, துத்தநாக விரல்கள் எனப்படும் சிறு புரதப் பகுதிகள். சிஸ்டீன்களும் ஹிஸ்டிடின்களும் ஒரு துத்தநாக அயனியைச் சுற்றிப் பிடித்திருப்பதால்தான் அவை மடிந்து நிற்கின்றன. அயனியை நீக்கினால் அவிழ்ந்துவிடும். ஆல்ஃபாஃபோல்ட் 2க்குத் துத்தநாகம் என்று ஒன்று இருப்பதே தெரியாது; அதன் கணக்கில் அயனிகள் இல்லை. ஆனாலும் அந்த நான்கு அமிலங்களையும் வெற்றிடம் ஒன்றைச் சுற்றி, அயனி அங்கிருந்தால் எப்படியோ அப்படியே நிறுத்திக்காட்டுகிறது. விடை சரி. விசைகளைக் கணக்கிட்டு வந்த விடையானால் அந்தச் சங்கிலி அவிழ்ந்துதான் இருக்க வேண்டும். வங்கியில் இருந்த அமைப்புகள் துத்தநாகத்தோடு படிகமானவை என்பதால் வந்த விடை இது.

இரண்டாவது, சிறு மூலக்கூறுகளையும் கையாளும் ஆல்ஃபாஃபோல்ட் 3 வந்தபின் மார்க்குஸ் லில் குழு செய்த சோதனை. ஒரு நொதியில் ஏடிபி மூலக்கூறு அமரும் குழிவின் அமிலங்களை எல்லாம் கிளைசினாக மாற்றி, பிடிமானமே இல்லாமல் செய்தார்கள். பிறகு பருத்த ஃபினைல்அலனினாக மாற்றிக் குழிவையே அடைத்தார்கள். அப்போதும் நிரல் ஏடிபியைப் பழைய இடத்திலேயே வைக்க முனைந்தது. கற்ற அமைப்புகளின் நினைவு விசைகளை மீறிப் பேசுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மூன்றாம் கேள்விக்கான விடை வேறு மரபிலிருந்து வருகிறது. டி. ஈ. ஷா ஆய்வு நிறுவனம் இதற்கென்றே கட்டிய ஆன்டன் என்ற மீக்கணினியில், 10 முதல் 80 அமிலங்கள் வரையுள்ள 12 சிறு புரதங்கள் அவிழ்ந்து மடிவதை அணு அணுவாகப் பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்டார்கள். செலவு மிக அதிகம், புரதங்களோ மிகச் சிறியவை. ஆனால் எந்தப் பகுதி முதலில் உருவாகிறது, எது பின்னால் வருகிறது என்று அங்கே பார்க்க முடிந்தது. ஆல்ஃபாஃபோல்டுக்குப் பின் இந்த வேலை முடிந்துபோனது என்று எண்ணுவது பிழை.

7. வெற்றி எதன் கணக்கில்?

தரவே எல்லாம் என்ற முடிவுக்கு உடனே போய்விட முடியாது. வங்கியின் கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது. ஆனாலும் 2000களில் காஸ்ப் மதிப்பெண்கள் பெரிதாக நகரவில்லை. 2024இல் வெளியான ஓப்பன்ஃபோல்ட் ஆய்வு இதைவிட வலுவான எதிர்ச்சான்று. ஆல்ஃபாஃபோல்ட் 2ஐ மறுபடி கட்டி, தரவைக் குறைத்துப் பயிற்றுவித்துப் பார்த்தார்கள். வெறும் ஆயிரம் புரதச் சங்கிலிகளில் பயின்ற வலையே முதல் ஆல்ஃபாஃபோல்டை மிஞ்சியது. வலையமைப்பின் வடிவத்தில் மெய்யான கண்டுபிடிப்பு இருக்கிறது என்பதை ஏற்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த ஆயிரத்தோடு கோடிக்கணக்கான வரிசைகளின் அடுக்கும் சேர்ந்தே பயன்பட்டது. அதுவும் பல நாடுகளின் ஆய்வகங்கள் பொதுவில் வைத்ததுதான். தரவு மெலிந்தால் என்ன ஆகும் என்பதை ஆர்என்ஏ காட்டியது. 2022ஆம் ஆண்டுக் காஸ்ப் தேர்வில் ஆர்என்ஏ மூலக்கூறுகளும் சேர்க்கப்பட்டன. புரதத்தில் கொடிகட்டிய அதே வகை ஆழ்கற்றல் முறைகள் அங்கே பின்தங்கின. வல்லுநர்கள் தம் அறிவைச் செலுத்தி வழிநடத்திய முறைகள் முன்னே நின்றன. ஆர்என்ஏக்கு வங்கியில் உள்ள அமைப்புகள் புரதத்தோடு ஒப்பிடச் சொற்பம். வானிலைக்கும் இதே கதைதான். கிராஃப்காஸ்ட் என்ற டீப்மைண்டின் வானிலை நிரல் பயின்றது 39 ஆண்டுகளின் உலக வானிலைப் பதிவில். அந்தப் பதிவோ, ஐரோப்பிய வானிலை மையம் அளவீடுகளையும் இயற்பியல் சமன்பாடுகளையும் இணைத்து உருவாக்கிப் பொதுவில் வைத்தது. இயற்பியல் வேண்டாம் என்று சொல்லும் நிரலின் அடியில் இயற்பியல் இருக்கிறது.

எனவே என் மதிப்பீடு இது. வரிசையிலிருந்து வடிவம் என்ற கேள்வி, குடும்ப வரிசைகள் நிறைய உள்ள, ஒரே நிலையான வடிவம் கொண்ட புரதங்களுக்குப் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. மற்ற இரு கேள்விகளும் திறந்தே உள்ளன. தீர்ந்ததற்கு நல்ல நரம்புவலை, சீராக அளக்கப்பட்ட பொதுத் தரவு, விடையை மறைத்து நடத்திய தேர்வு ஆகிய மூன்றும் வேண்டியிருந்தன. முதலாவதுக்குப் பரிசும் பணமும் தாமாக வருகின்றன. மற்ற இரண்டுக்கும் அப்படி இல்லை.

2024 மே மாதம் ஆல்ஃபாஃபோல்ட் 3 பற்றிய கட்டுரை நிரல்மூலம் இல்லாமலேயே வெளியானது. ஆய்வாளர்கள் பலர் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். நவம்பரில், வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு அது வெளிவந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஐம்பதாண்டு திறந்திருந்த வங்கியில் பயின்ற நிரலுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தவில்லை. தரவிலும் இத்தகைய மூடல் உண்டு: மருந்து நிறுவனங்களின் பெட்டகங்களில் வெளியிடாத அமைப்புகள் இன்னும் பல இருக்கின்றன.

இந்தியாவில் செயற்கை நுண்ணறிவுக்கென ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு கணினித் திறனுக்கே போக வேண்டும் என்ற பேச்சு வலுவாக உள்ளது. நிதி வழங்கும் அமைப்புகள் அதில் ஒரு பங்கைத் தரவை அளப்பதற்கும், சரிபார்ப்பதற்கும், பொது வைப்பகங்களைப் பேணுவதற்கும் ஒதுக்க வேண்டும். பொதுப் பணத்தில் அளந்த தரவு வைப்பகத்தில் சேர்ந்தால்தான் அடுத்த தவணை என்பதை நிபந்தனையாக்க வேண்டும். வைப்பகத்தில் உழைப்பவரின் பணியைப் பதவி உயர்வுக்குரிய ஆராய்ச்சியாகவே பல்கலைக்கழகங்கள் எண்ண வேண்டும்.